டேப்லெட் சார்ஜரும் வயர்லெஸ் இரைச்சலும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாம்பன்காரன்

நான் பாம்பன். அப்பாவுக்கு விசைப்படகு. நான் சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் உச்சிப்புளி கடற்படைத் தளத்திலா என்று கேட்கிறார்கள். அங்கே இல்லை, வேறு மாவட்டத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி. போன மாதம் விமானத்தில் எனக்கு ஒன்று நடந்தது. லீவுக்கு ஊருக்கு வந்தபோது அதே கோளாறை அப்பாவின் படகிலும் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நான்கு பேர் உட்காரும் பழைய செஸ்னா 172. வரைபடம் பார்க்கத் தொடையில் டேப்லெட்டைக் கட்டிக்கொண்டுதான் பறப்போம். அன்று தொண்டிப் பக்கம் கடற்கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பேட்டரி 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய சார்ஜர் ஒன்று பையில் இருந்தது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினேன். உடனே ஹெட்செட்டில் சர்ரென்று ஓயாத இரைச்சல். அந்த ரேடியோவில் ஸ்குவெல்ச் குமிழை, அதாவது ஓர் அளவுக்குக் கீழே உள்ள சிக்னலை எல்லாம் காதுக்கு விடாமல் அடைக்கிற குமிழை, கையால்தான் திருப்ப வேண்டும். இரைச்சல் அடங்கும்வரை திருப்பினேன். அமைதியாகிவிட்டது. டேப்லெட்டும் சார்ஜ் ஏறியது. எனக்கு நிம்மதி.

பத்து நிமிடம் இருக்கும். பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர், "மதுரை கன்ட்ரோல் டவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்காதே" என்றார். சாக்கெட்டைப் பார்த்தார், சார்ஜரைப் பிடுங்கினார், குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். அடுத்த அரை நிமிடத்தில் எங்கள் விமானத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி மதுரை கூப்பிட்டது. கேட்ட குரலிலேயே தெரிந்தது, அது முதல் முறை அல்ல.

இறங்கிய பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க, சார்ஜருக்குள் ஒரு மின்சுவிட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் மின்சாரம் வெட்டி வெட்டி நிற்பதால், அந்த வேகத்தின் மடங்குகளாக மேலே மேலே அலைகள் கிளம்புகின்றன. அவை நூறு மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். விமானங்கள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏ.எம். முறையில். ஏ.எம். என்றால் அலையின் உயரம்தான் குரல். மின் இரைச்சலும் உயரத்தில்தான் ஆடுகிறது, எனவே நேராகக் காதுக்குள் வந்துவிடும். படகில் இருக்கிற வயர்லெஸ், அதாவது வி.எச்.எப். செட், எப்.எம். முறை. அதில் குரல் அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதால் இரைச்சலாகக் கேட்பது குறைவு. ஆனால் தூரத்துச் சிக்னல் அதற்குள் மூழ்குவது அங்கேயும் உண்டு.

இன்னொன்று, சார்ஜ் ஒயரே ஏரியலாக வேலை செய்கிறது. கடலில் ஆபத்துக்குக் கூப்பிடுகிற 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 1.91 மீட்டர். கடையில் வாங்கும் ஒரு மீட்டர் ஒயர் கிட்டத்தட்ட அதில் பாதி. அலையை வெளியே அனுப்ப அதைவிடத் தோதான நீளம் வேண்டியதில்லை.

நான் மறக்காமல் இருப்பது அந்தப் பத்து நிமிட அமைதியைத்தான். இரைச்சல் இருந்தவரைக்கும் ஏதோ கோளாறு என்று தெரிந்தது. குமிழைத் திருப்பியதும் அந்தத் தகவலும் போய்விட்டது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தங்கச்சிமடம் டிரைவர்

தம்பி, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு நடந்தது. இரண்டு வருடமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஆடி மாதம், கச்சான் காற்று. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரத்தில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டுப் போனோம். படகில் ஐந்து பேர். நாலு ஓட்டை உள்ள சார்ஜர் ஒன்றை வயர்லெஸ் செட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டியிருந்தேன். மூன்று செல்போன், ஒரு டேப்லெட், எல்லாம் அதில்தான். செட்டில் கொரகொரவென்று இருந்தது. பையன்கள் தூங்க வேண்டுமே என்று குமிழைத் திருப்பி வைத்தேன். நீ செய்த அதே வேலை.

நள்ளிரவு தாண்டி மச்சான் படகில் கியர் பெட்டி போய்விட்டது. கச்சான் காற்றில் நின்ற படகு எந்தப் பக்கம் போகும் என்று நம் கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும், கிழக்கே, இலங்கை எல்லைப் பக்கம். டவர் கிடைக்கிற இடமென்றால் கடலோரக் காவல்படையின் 1554-க்கோ கடலோரப் போலீஸின் 1093-க்கோ போன் போடலாம். அங்கே டவர் இல்லை. 16-ல் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் நாலு கடல் மைலில் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களைவிடத் தள்ளி நின்ற வேறொரு படகுக்குக் கேட்டது. அவர்கள் போகிற வழியில் எங்கள் பக்கம் வந்து, "மச்சான் இழுபட்டுப் போறான், வயர்லெஸ்ஸை அணைச்சிட்டுத் தூங்குறியா?" என்று சத்தம் போட்டார்கள். இல்லையே, போட்டுத்தானே இருக்கிறது என்று செட்டைத் திரும்பிப் பார்த்தேன். லைட் எரிந்தது. போனை எடுத்து அவர்களுக்கு வெளிச்சம் காட்டலாமென்று சார்ஜரோடு சேர்த்து இழுத்தேன், மொத்தமும் கழன்று கையில் வந்துவிட்டது. பதற்றத்தில் குமிழையும் திருப்பினேன். அப்போதுதான் கேட்டது. மச்சான் குரல். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மனசு வரவில்லை.

கயிறு போட்டு இழுத்து வந்தோம். ஜி.பி.எஸ்-ல் பார்த்தபோது எல்லைக்கோடு இன்னும் ஒன்றரை மைல்கூட இல்லை. பிடிபட்டிருந்தால் படகும் போயிருக்கும், ஐந்து குடும்பம் மாதக்கணக்கில் அலைந்திருக்கும். அன்றிலிருந்து செட் பழுது என்று நினைத்து இரண்டு முறை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பழுது இல்லை, பழுது இல்லை என்றே திருப்பித் தந்தார்கள். சார்ஜர் என்று இன்றுதான் புரிகிறது.

கேணிக்கரை ரிப்பேர்

அண்ணே, மச்சான் பத்திரமாகத் திரும்பியதே போதும். செட் பழுது என்று என் கடைக்கு வருகிற பத்தில் பாதிக்கு மேல் செட்டில் பழுது இருப்பதில்லை. மேசையில் சுத்தமாகப் பேசும். படகில் மாட்டினால் இரைச்சல். ஏனென்றால் சார்ஜர் படகிலேயே இருக்கிறது, கடைக்குச் செட் மட்டும்தான் வருகிறது.

மலிவான சார்ஜரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ஐ.சி., ஒரு சுருள், ஒரு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர். உள்ளே வரும் ஒயரில் இரைச்சலைத் தடுக்கிற சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். உலோகக் கவசமும் கிடையாது. நல்ல சார்ஜரில் இவை இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். விசைப்படகில் பல பேருக்கு 24 வோல்ட். அதை இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, வீட்டுச் சார்ஜரைச் செருகி, திரும்ப 5 வோல்ட் ஆக்குகிறார்கள். இரண்டு இடத்தில் இரைச்சல் பிறக்கிறது. வேண்டாம்.

5 வோல்ட் கொடுக்கிற 7805 ரெகுலேட்டர் ஐ.சி. போட்டுக் கொடு, அதில் சுவிட்சே இல்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை, அது சத்தமே போடாது. ஆனால் மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாக்கித்தான் தள்ளும். 1 ஆம்பியருக்கு 12 வோல்ட்டில் 7 வாட், 24 வோல்ட்டில் 19 வாட். டேப்லெட்டுக்கு 2 ஆம்பியராவது வேண்டும். கை சுடும், ஐ.சி. செத்துவிடும்.

நான் செய்து கொடுப்பது இவ்வளவுதான். சார்ஜருக்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர், செட்டுக்குப் போகிற ஒயரோடு சேர்க்காமல். சார்ஜரை ஏரியல் கேபிளிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. பிறகு ஒயரில் போகிற இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் வளையம், சார்ஜர் முனைக்கு ஒட்டினாற்போல. ஒயரை அதில் மூன்று சுற்று சுற்றினால் ஒரு சுற்றைவிடத் தடை பல மடங்கு கூடும். ஒயரின் நடுவில் மாட்டினால் பாதிப் பயன்தான்.

அப்புறம் ஏரியல் கேபிள் முனையில் இருக்கிற பி.எல்.259 கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் கேபிளின் கவசம் கவசமாகவே இல்லை என்று அர்த்தம். படகுக்குள் இருக்கிற இரைச்சல் எல்லாம் அந்த வழியாகத்தான் செட்டுக்குள் நுழையும். வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்து, தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள். கால் மணி நேர வேலை. மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் இதை வருடம் ஒருமுறை செய்கிற படகை விரல் விட்டு எண்ணலாம், எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

சோதனை செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எப். செட்டையும், கப்பல் இருக்கிற இடத்தை மற்றவர்களுக்குக் காட்டுகிற ஏ.ஐ.எஸ். கருவியையும் கெடுப்பதாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன முறை சார்ஜருக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலுக்குப் போங்கள். இரைச்சல் வரும்வரை ஸ்குவெல்ச்சைத் திறந்து, சரியாக அது அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடத் திருப்ப வேண்டாம். இப்போது சார்ஜரைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்தச் சார்ஜர்தான். தூக்கிப் போடுங்கள். எல்.இ.டி. விளக்கையும் விடாமல் பாருங்கள், இரவில் வலை வேலைக்குப் போடுகிற மலிவு விளக்குகள் சார்ஜரைவிட மோசம்.

தொண்டி டீச்சர்

எங்கள் வீட்டில் நாட்டுப்படகு. தம்பி கையில் வைத்துப் பேசுகிற 5 வாட் வி.எச்.எப். மட்டும்தான். அதையும் பவர் பேங்கையும் தண்ணீர் படாமல் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். பவர் பேங்கிலிருந்து செல்போனுக்கு ஒயர் வெளியே வரும். இதுவும் தப்புதானே?

அத்தா இலங்கை வானொலி கேட்ட பழைய ட்ரான்சிஸ்டர் இன்னும் வீட்டில் ஓடுகிறது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு அதை மீடியம் வேவில் வைத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சார்ஜருக்குப் பக்கத்திலும் கொண்டுபோனேன். இரண்டு சார்ஜரிடம் போனதும் பாட்டே காணாமல் போய் உறுமல் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டப் போகிறேன். பாதிப் பேரின் தகப்பன்மார் கடலுக்குப் போகிறவர்கள்.

பாம்பன்காரன்

அக்கா, தப்புதான். பவர் பேங்குக்குள்ளும் 3.7 வோல்ட்டை 5 ஆக ஏற்றுகிற சுவிட்ச் இருக்கிறது. அது படகு ஒயரோடு சேராது என்பதால் நிலையாகப் பொருத்திய செட்டுக்கு நல்லது, நாங்களும் விமானத்தில் இப்போது அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். ஆனால் கை செட்டின் ஏரியலை உரசிக்கொண்டு இருந்தால் பயனில்லை. தம்பியிடம் இரண்டையும் வேறு வேறு பையில் போடச் சொல்லுங்கள். செல்போனைக் கரையிலேயே முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ட்ரான்சிஸ்டர் சோதனையில் உறுமினால் அது மோசமான சார்ஜர்தான். உறுமாவிட்டால் மட்டும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மீடியம் வேவ் ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் பக்கம், வி.எச்.எப். அதற்கு நூறு மடங்குக்கு மேலே. கீழே அமைதியாக இருந்து மேலே கத்துகிற சார்ஜரும் உண்டு. அண்ணன் சொன்ன ஸ்குவெல்ச் சோதனைதான் முடிவு.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி. சித்திரையில் நம் கடற்கரையில் நிழலிலேயே அதை நெருங்கிவிடும். வெயிலில் வைத்துச் சார்ஜும் ஏற்றினால் திரை அணைந்துவிடும், எனக்கு இருமுறை ஆகியிருக்கிறது. டேப்லெட் உறையில் இருக்கிற காந்தம் திசைகாட்டி முள்ளையும் இழுக்கும், தள்ளியே வையுங்கள்.

தங்கச்சிமடம் டிரைவர்

இன்று காலை கரையில் கட்டியிருந்தபடியே செய்து பார்த்தேன். ரிப்பேர்க் கடைத் தம்பி சொன்ன ஸ்குவெல்ச் முறைதான். எஞ்சினை அணைத்து ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை. நாலு ஓட்டை சார்ஜரைப் போட்டதும் இரைச்சல் கொட்டியது. கழற்றினால் சுத்தம். கனெக்டரைக் கழற்றினேன், பச்சைதான். புதுசு பற்றவைத்தாயிற்று. விளக்கு இரண்டில் ஒன்றும் மோசம், அதையும் மாற்றினேன்.

பிறகு மச்சானைக் கூப்பிட்டு அவன் படகிலும் பார்த்தோம். அவன் வைத்திருப்பதும் அதே கடையில் வாங்கிய அதே சார்ஜர். புதன்கிழமை இரண்டு படகும் சேர்ந்துதான் போகிறோம். நாலு மைல் தள்ளி நின்று கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.