ஹீட் பம்ப் வயரைச் சுவரில் சரிவாகப் பதிக்கலாமா? அவசரம்

குழித்துறைக்காரன்: நம்ம ஊர் மக்களே, வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாளைக் காலை ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) மாட்ட ஆள் வருகிறார். கொல்லைப்புற யூனிட்டுக்கான வயரைச் சமையலறைச் சுவரில் குறுக்காக, சரிவாக வெட்டிப் பதித்தால் வயர் மிச்சம் என்கிறார். வீட்டில் கைக்குழந்தை. சரி சொல்லலாமா?

தக்கலை அக்கா: ஹீட் பம்ப் எல்லாம் எதற்குத் தம்பி? நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரே அறை, கம்பளிக்கு மேல் கம்பளி. துவைத்த துணி காயவே காயாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் காப்பி போட்டுக் குடித்தே ஓட்டினோம்.

குளச்சல் கடலோடி: சுவரை உடைக்கவே வேண்டாம் மக்கா. பரணில் குளிருக்கு விரித்திருக்கும் பஞ்சுக்கு அடியில் வயரைத் தள்ளிவிடச் சொல். எங்கள் வீட்டில் அப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை.

நாகர்கோவில் வயர்மேன்: அதைக் கேட்காதீர்கள். பஞ்சுக்குள் முழுக்கப் புதைந்த வயரில் சூடு வெளியேறாது, அது தாங்கும் கரன்ட் பாதியாகிவிடும். ஹீட் பம்ப்போ மணிக்கணக்கில் ஓடுவது. பஞ்சுக்குப் பதில் தெர்மோகோல் விரித்து, அதில் ஒட்டிக் கிடந்தால் வயரின் பிவிசி உறையும் நாளடைவில் விறைத்து விரிசல் விடும். அது சரி, எந்த நாடு? சொந்த வீடா, வாடகையா?

குளச்சல் கடலோடி: ஓய் வயர்மேன், சும்மா பயங்காட்டாதீரும். இங்கே ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. மார்த்தாண்டத்தில் என்றால் ஒரு போன் போதும், பைக்கில் வந்து நிற்பான்.

தக்கலை அக்கா: வந்து நிற்பான். பாதிச் சுவரை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்டப் போய்விடுவான்.

குழித்துறைக்காரன்: சொல்ல விட்டுப்போச்சு. இங்கிலாந்து, லீட்ஸ் நகரம். வாடகை வீடு. மாட்ட வருபவர் வீட்டுக்காரரின் மச்சினன்.

நாகர்கோவில் வயர்மேன்: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அங்கே பிஎஸ் 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதி. உலோகக் கவசமில்லாத வயரை 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதித்தால், அது ஒரு சுவிட்சுக்கோ பிளக்குக்கோ நேர் மேலே, கீழே, அல்லது நேர் பக்கவாட்டில்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் சுவர் மூலையிலிருந்தோ கூரையோரத்திலிருந்தோ 150 மில்லிமீட்டருக்குள். சரிவாகப் போனால், பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிடியும் வேண்டும். வெளியே கவச வயர், யூனிட் பக்கத்திலேயே கரன்ட்டை முழுதாக நிறுத்தும் ஐசொலேட்டர் சுவிட்ச். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது.

புது சர்க்யூட் என்பதால், வீட்டு மின்வேலைக்கான பார்ட் பி (Part P) கட்டட விதிப்படி பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும், அல்லது வேலைக்கு முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் நீங்கள் எதற்கும் சரி சொல்லாதீர்கள். மச்சினனின் பதிவு எண்ணும், முடிந்ததும் சான்றிதழும் வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு இன்றிரவே மின்னஞ்சல் போடுங்கள். பூசுவதற்கு முன் சுவரில் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள்.

குழித்துறைக்காரன்: போட்டுவிட்டேன் அண்ணே. மச்சினனுக்கு நாளை வேறு வேலை வந்துவிட்டதாம்.