டான் கிஹோத்தே காற்றாலைப் படம்: செப்புத் தகடா, மர பிளாக்கா?

திருவல்லிக்கேணி வாசகி:
பாரதி சாலை நடைபாதைக் கடையில் நேற்று ஒரு தனித்தாள் வாங்கினேன், 150 ரூபாய். காற்றாலையின் இறக்கையில், செர்வான்டெஸின் ஸ்பானிய நாவலின் நாயகன் டான் கிஹோத்தேயும் குதிரையும் சிக்கிக்கொண்ட காட்சி. 300 வருஷத்துக்கு முந்தைய, பரோக் என்ற ஐரோப்பியக் கலைப் பாணிக் காலப் படம் என்றார் கடைக்காரர். எப்படித் தெரிந்துகொள்வது?

ராயப்பேட்டை பிளாக்மேக்கர்:
அம்மா, நான் 30 வருஷம் அச்சகங்களுக்கு பிளாக், அதாவது படம் அடிக்கும் அச்சுக்கட்டை, செய்து கொடுத்தவன். முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால மறு அச்சு. இல்லையென்றால் படத்தின் ஓரத்தைத் தடவுங்கள். பரோக் காலப் புத்தகப் படம் என்றால் பெரும்பாலும் செப்புத் தகடுதான். செப்புத் தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும், மை அதற்குள்தான் நிற்கும். ஈரத் தாளை வைத்து உருளையில் பலமாக அழுத்தினால்தான் மை ஏறும். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு படத்தைச் சுற்றித் தாளில் பதிந்துவிடும். கோடுகளும் விரலுக்கு லேசாக மேடு தட்டும். மர பிளாக்கில் நேர்மாறு, மேட்டில்தான் மை. அதனால் ஈய எழுத்தோடு சேர்த்தே அடிக்கலாம், விளிம்புத் தடம் விழாது. ஆனால் ஓரத்தை யாராவது கத்தரித்திருந்தால் தடத்தை நம்ப முடியாது, கோட்டைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், கீழே மூலையில் பெயர் ஏதாவது இருக்கிறதா?

எழும்பூர் ஓவிய மாணவன்:
பரோக் என்றால் 1657இல் டோர்ட்ரெக்ட் நகரில் வந்த டச்சு மொழிபெயர்ப்பின் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 1662இல் பிரஸ்ஸல்ஸில் வந்த ஸ்பானியப் பதிப்பு அவற்றைப் பின்பற்றியது. டான் கிஹோத்தேயின் உதவியாளன் சாஞ்சோவைப் போர்வையில் போட்டுத் தூக்கிப் போடும் காட்சி அந்தக் காலத்தவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும்தான்.

திருவல்லிக்கேணி வாசகி:
பார்த்துவிட்டேன் சார். புள்ளி இல்லை. ஓரம் அகலமாக இருக்கிறது, தடம் இல்லை, கோடுகளும் தட்டவில்லை. இடது மூலையில் டோரே, வலது மூலையில் பிசான்.

ராயப்பேட்டை பிளாக்மேக்கர்:
அப்படியானால் சந்தேகமே வேண்டாம், அது மர பிளாக். வரைந்தவர் குஸ்தாவ் டோரே, மரத்தில் செதுக்கியவர் பிசான். 1863இல் பாரிஸில் வந்த பதிப்புக்குச் செய்தது. பரோக் இல்லை, ஆனால் குறைவாக நினைக்காதீர்கள். வானத்தின் சாம்பல் நிறத்தை லென்ஸில் பாருங்கள். கறுப்பு மரத்தில் வெள்ளைக் கோடாகவே எடுத்திருப்பார் பிசான். ஒரு கோடு பிசகினால் திரும்ப ஒட்ட முடியாது. என் கை அந்த அளவுக்குப் போனதில்லை.

திருவல்லிக்கேணி வாசகி:
நன்றி சார். கடையில் அதே தாள்கட்டுக்குள் இன்னும் ஏழெட்டுத் தாள் இருந்தது. நாளைக் காலையிலேயே லென்ஸோடு போகிறேன்.