புதுப்பிப்பு: எலுமிச்சைச் செடியில் இருந்த புழுக்கள்

இலை மேல் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பவை என்ன, கிள்ளிப் போடலாமா என்று கேட்டிருந்தேன். வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள், விட்டுவிடுங்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தோலுரித்ததும் கறுப்பும் வெள்ளையும் போய், பளிச்சென்று பச்சையாகிவிட்டன. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பு நீள்கிறது, கூடவே காட்டமான வாடை. எறும்பு, சிலந்தியை விரட்டத்தான் அது. தீனியும் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். ஒரு இலையை ஓரத்திலிருந்து நடு நரம்பு வரை தின்று முடிப்பதை உட்கார்ந்து பார்த்தேன்.

அப்புறம் திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தி, ஈரமாகக் கழிந்துவிட்டு அலைய ஆரம்பிக்கும். நோயென்று பயப்படாதீர்கள், கூட்டுப்புழு ஆவதற்கான தயாரிப்பு. டப்பாவில் வளர்ப்பவர்கள் சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். புழு தானே நூற்ற பட்டுத் திண்டில் வால் நுனியை மாட்டி, உடம்பைச் சுற்றி மெல்லிய நாண் கட்டிக்கொள்ளும். பச்சைத் தண்டில் இருந்தவை பச்சையாகவும், காய்ந்த குச்சியில் இருந்தவை பழுப்பாகவும் ஆயின.

ஒரு கூட்டிலிருந்து மட்டும் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக, ஒட்டுண்ணியாக உள்ளே வளர்ந்த பொடிக் குளவிகள் வந்தன. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மற்றவை சிறகு விரித்துக் காய்ந்ததும் பறந்துவிட்டன.

செடி பட்டுவிடுமே என்று கவலைப்பட்டவர்களுக்கு: நன்றாக வேர் பிடித்த செடி என்பதால் மறுபடி துளிர்த்துவிட்டது. சின்ன நாற்றாக இருந்தால் ஒன்றிரண்டை மட்டும் விட்டு, மற்றதை வேறொரு எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றிவிடுங்கள். மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.