“மருந்து யாருக்கு?” என்று கேட்டவர்கள்

என் அப்பா மருந்தாளுநர். 31 வருடமாக ஒரே தெருவில் சின்னதாக ஒரு மருந்துக் கடை. போன மாதம் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்காக மருத்துவரிடம் கூட்டிப்போனோம். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்?” என்று அவர் கேட்டார். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் “பதின்மூன்று” என்றார்.

நாங்கள் வளர்ந்ததே அந்தக் கடைக்கு ஏற்ற மாதிரிதான். மாதக் கடைசியில் மருந்துப் பெட்டிகள் பையில் வீட்டுக்கு வரும். கூடத்தில் விரித்துவைத்து நான் காலாவதித் தேதியை வாசிக்க, தம்பி நோட்டில் எழுதுவான். முதலில் காலாவதியாகிற அட்டை முன்வரிசைக்கு, புதிதாக வந்தது பின்னால். பள்ளிப் பாடத்துக்கு முன்பே நான் எழுத்துக்கூட்டி வாசித்தது ‘அமாக்ஸிசிலின்’ என்று இன்றும் அம்மா சொல்வார்.

ஞாயிறு மதியம் மட்டும் அப்பா எங்களுக்கு. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து யாராவது “அண்ணா, இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டால் அதுவும் போச்சு. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது கடைசியில் அம்மாதான். “வீட்டு ஆளும் ஒரு சீட்டோட கவுண்டர்ல வந்து நின்னாதான் உங்க அப்பா முகத்தைப் பார்க்க முடியும்” என்பார். அதில் கோபம் இருந்தது, நியாயமான கோபம்தான். ஆனால் அப்பா காய்ச்சலில் படுத்த நாட்களில் கடையைத் திறந்துவைத்து, “அவர் வந்துதான் மருந்து தருவார், பெயரை மட்டும் எழுதிவெச்சிட்டுப் போங்க” என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அம்மாதான்.

அப்பா அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று என்னதான் செய்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். உங்கள் தெரு மருந்தாளுநரோடு உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வாசித்துக்காட்டப்போகிறேன்.

* * *

நான் சொல்லியே ஆக வேண்டும். என் அம்மாவுக்கு முடக்குவாதம். மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தார். அது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடுகிற மாத்திரை. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் கொடுக்கத்தான் இருந்தோம்.

அன்று கடையில் நல்ல கூட்டம். அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “மருந்து யாருக்கு? எப்படிச் சாப்பிடச் சொன்னாங்க?” என்று கேட்டார். “தினமும் ராத்திரி ஒண்ணு” என்றேன். மற்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதைத் தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதே குறைந்துபோகும், உயிருக்கே ஆபத்து என்று நிதானமாகச் சொன்னார். அங்கேயே மருத்துவரைப் போனில் பிடித்து வாரம் ஒரு நாள்தான் என்று உறுதி செய்துகொண்டார். ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று உறையில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். என்னையும் ஒரு முறை திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் அட்டையைக் கையில் கொடுத்தார்.

ஆறு வருடமாகிறது. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை வந்தால் இன்னும் அவர் பேச்சு வரும்.

* * *

எனக்கு நடந்தது சின்ன விஷயம். வறட்டு இருமல் இரண்டு மாதமாக விடவில்லை. மூன்றாவது பாட்டில் இருமல் சிரப் கேட்டுப் போனேன். அவர் தரவில்லை! வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் என்றேன். சிலருக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்தார். மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக்கொடுத்தார். சில வாரங்களில் இருமல் போய்விட்டது.

* * *

முதல் குழந்தை, முதல் காய்ச்சல். 12 கிலோ எடை. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம். அதில் 7.5 மில்லி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது தீர்ந்துபோகப் புதிது வாங்கப் போனேன். அந்த அளவு கைவசம் இல்லை, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதுதான் இருக்கிறது என்றார். சரி, கொடுங்கள் என்றேன்.

“எவ்வளவு ஊத்துவீங்க?” என்று கேட்டார். “7.5 மில்லி, எப்பவும் போல” என்றேன். அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் என் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180. புது பாட்டிலில் 7.5 மில்லி என்றால் 375. இரண்டு மடங்குக்கும் மேல். அளவு மீறினால் ஈரலைப் பாதிக்கிற மருந்து அது. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து 3.6 மில்லிக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டுத் தந்தார். வீட்டுக் கரண்டியில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வொரு அளவு என்றார். ராத்திரி பத்து மணி இருக்கும். அவர் மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

* * *

நான் கவுண்டருக்கு உள்ளே நின்றவன். படிக்கிற காலத்தில் ஒரு கடையில் நான்கு வருடம் உதவியாளாக இருந்தேன்.

ஒரு நாள் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையில் 1 மில்லிகிராமுக்குப் பதிலாக 4 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி அட்டை, அடுத்தடுத்த தட்டு. இரவு கணக்குப் பார்க்கும்போது 4 மில்லிகிராமில் ஒன்று குறைந்தது, 1 மில்லிகிராமில் ஒன்று கூடுதலாக இருந்தது. முதலாளி அதற்குள் வீட்டுக்குக் கிளம்ப ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். அன்று அவர் மகனுக்குப் பிறந்தநாள், வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பில் புத்தகத்தைப் புரட்டி பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்தோம். வீடு தெரியாது. பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டு போனோம். பாட்டி அதைக் காலையில்தான் சாப்பிடுவார், அட்டையைப் பிரிக்கவே இல்லை. வயதானவர்களுக்கு அந்த அளவு போனால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். மாற்றிக்கொடுத்துவிட்டு, “தப்பு எங்களுதும்மா” என்று அவர் கைகூப்பியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் நான் போவதற்குள் 4 மில்லிகிராம் வேறு அலமாரிக்குப் போயிருந்தது. இன்று எனக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது. என் கடையிலும் அந்த இரண்டும் வேறு வேறு அலமாரியில்தான்.

* * *

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக்காட்டினேன். காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டார். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். ஸ்டூலில் தூங்கிய பெண்ணைப் பற்றி வாசித்தபோது அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி எழுதியவருக்கு ஒன்று. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம், “பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்திருப்பாங்களே, அதை எந்தக் கிழமை சாப்பிடறாங்க? கேட்டுச் சொல்லு” என்றார். காலையில் எழுந்ததும் மறுபடியும் கேட்டுவிட்டார். கொஞ்சம் சொல்லுங்களேன்.