எக்செல்லில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன (ரத்ததானப் பட்டியல்)

மலைக்கோட்டை:
வணக்கம். எங்கள் ஊர் ரத்ததானக் குழுவின் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். படிவத்திலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல்லில் திறந்தால், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி சிலருக்கு மாறிவிடுகிறது. ஒருவர் கொடுத்தது மே 3. கோப்பில் 03/05/2024 என்றுதான் இருக்கிறது. எக்செல் அதை மார்ச் 5 என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தானத்துக்கான 90 நாள் இடைவெளியைக் கூட்டி, ஜூன் 3 அன்று அவரை அழைக்கலாம் என்று காட்டுகிறது. ஆகஸ்ட் 1 வரை அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. முகாமில் கேட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள், ஆனாலும் அவசர நேரத்தில் தப்பான ஆளை அழைத்து நேரத்தை வீணாக்க மனம் வரவில்லை. செல் ஃபார்மட்டை மாற்றியும் சரியாகவில்லை.

நாட்காட்டி:
தேதிகள் செல்லில் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றன?

மலைக்கோட்டை:
சில வலப்பக்கம், சில இடப்பக்கம். 12-க்கு மேற்பட்ட நாட்கள் எல்லாம் இடப்பக்கம்.

நாட்காட்டி:
வலப்பக்கம் நிற்பவற்றை எக்செல் தேதியாக எடுத்திருக்கிறது, இடப்பக்கம் நிற்பவை வெறும் எழுத்து. அப்படியானால் உங்கள் கணினி அமெரிக்க வழக்கில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 17/05 வந்தால் பதினேழாம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 03/05 வந்தால் கேள்வியே கேட்காமல் மார்ச் ஆக்கிவிடும், ஆபத்து அதில்தான். எக்செல் தேதியை, நாட்களை வரிசையாக எண்ணிய ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2024 மே 3 என்றால் 45415. உங்கள் செல்லில் உட்கார்ந்திருப்பது 45356. ஃபார்மட்டை மாற்றினால் தோற்றம்தான் மாறும், எண் மாறாது.

மூலக் கோப்பு அப்படியே இருக்கிறதா? எக்செல்லில் திறந்து அதன்மேலேயே சேமித்துவிடவில்லையே?

மலைக்கோட்டை:
இல்லை, பத்திரமாக இருக்கிறது. நோட்பேடில் திறந்து பார்த்தேன், தேதிகள் சரி.

நாட்காட்டி:
நல்லது. கோப்பை டபுள் கிளிக் செய்யாதீர்கள். புது எக்செல் கோப்பில் 'டேட்டா' மெனு, 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி', அப்புறம் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டைப்' என்பதில் 'யூசிங் லோக்கேல்' எடுங்கள். வகை 'டேட்', மொழி 'இங்கிலீஷ் (இந்தியா)'. ஏற்கெனவே உள்ள மாற்றத்தை நீக்கிவிட்டு இதை வைக்கவா என்று கேட்டால் 'ரீப்ளேஸ் கரன்ட்' கொடுங்கள். புதுப் படியாகச் சேர்த்தால் பழைய தப்பின்மேலேயே வேலை நடக்கும்.

தாமிரபரணி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பெண்களுக்கு இடைவெளி 120 நாள். எல்லோருக்கும் 90 கூட்டாதீர்கள். அப்புறம், கோப்பாகப் பரிமாறும்போது 2024-05-03 என்று ஆண்டை முதலில் எழுதச் சொல்லுங்கள். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 இதுதான், 1988-லிருந்து இருக்கிறது. இதை யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள், அகரவரிசையில் அடுக்கினாலும் கால வரிசையிலேயே நிற்கும். ஆட்கள் படிக்கிற அறிவிப்பில் '3 மே 2024' என்று மாதத்தைப் பெயராக எழுதுவதுதான் நல்லது.

மலைக்கோட்டை:
ரீப்ளேஸ் கொடுத்ததும் எல்லாம் வலப்பக்கம் வந்துவிட்டது. மே 3, மே 3-ஆகவே இருக்கிறது. பெண்களுக்கு 120 என்றும் மாற்றிவிட்டேன். ரொம்ப நன்றி. காகிதப் படிவத்தில் சிலர் 4/6 என்று ஆண்டே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். அவற்றை என்ன செய்வது?

நாட்காட்டி:
அதை எக்செல்லால் தீர்க்க முடியாது. அவர்களையே போனில் கேட்டு எழுதுங்கள், அதுவரை அந்தச் செல் காலியாகவே இருக்கட்டும்.