வீடு வாங்கிக் கொடுத்ததற்காக ஒரு நாடே ரக்பி வாரியத்தை விட்டு விலகியதா? ஆர்தர் கூல்ட் பற்றி ஒரு கேள்வி

மழைக்காகம் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இடையில் ஆர்தர் கூல்ட் என்ற வேல்ஸ் ரக்பி வீரரின் பெயர் வந்தது, அப்புறம் கிரேஸை விட்டுவிட்டு இவர் பின்னாலேயே போய்விட்டேன். 1864-இல் நியூபோர்ட்டில் பிறந்தவர். வேல்ஸுக்காக 27 ஆட்டம், அதில் 18-இல் கேப்டன். ஆடுவதற்குக் காசு வாங்காத அமெச்சூர். ஆனால் ரசிகர்கள் பணம் போட்டு இவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்ததால் தகராறு பெரிதாகி, 1897-இல் வேல்ஸ், நாடுகளுக்கிடையிலான ரக்பியைக் கவனித்த சர்வதேச வாரியத்தை விட்டே வெளியேறியது என்கிறார்கள். 1895-இல் கிரேஸுக்கும் இதே மாதிரி நிதி திரட்டினார்கள், 9,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது, அவரும் அமெச்சூர்தான், யாரும் வாய் திறக்கவில்லை. கூல்ட் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஆத்திரம்? ஆட்டக்காரராக அவர் எப்படி என்றும் யாராவது சொல்லுங்கள், நான் பார்த்த இடமெல்லாம் வீட்டுக் கதைதான் இருக்கிறது.

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி. அந்தக் காலக் கிரிக்கெட்டில் அமெச்சூரும் சம்பள ஆட்டக்காரரும் ஒரே அணியில் ஆடலாம், தனித்தனி வாசல் வழியாக மைதானத்துக்குள் வருவார்கள், அவ்வளவுதான். அன்றைய ரக்பியில் இரண்டாவது வாசலே கிடையாது. காசு கைமாறியது என்று முடிவாகிவிட்டால் ஆள் மொத்தமாக வெளியே.

அடுத்து காலத்தைப் பாருங்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த வடக்கு இங்கிலாந்து வீரர்கள், ஆட்டத்துக்காக விட்ட அரைநாள் கூலியையாவது ஈடுகட்டுங்கள் என்று கேட்டார்கள். 1893-இல் அது இங்கிலாந்து ரக்பி யூனியனில் வாக்கெடுப்புக்கு வந்து 282-க்கு 136 என்று தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் தனியே பிரிந்தன, ரக்பி லீக் என்று இன்று தனி ஆட்டமாக இருப்பது அங்கேதான் பிறந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கூல்ட் நிதி ஆரம்பமாகிறது. கிரேஸுக்குச் செய்ததைப் பார்த்துத்தான், ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று. வேல்ஸ் ரக்பியை நடத்திய வேல்ஸ் யூனியனும் தன் பங்காக 1,000 ஷில்லிங், அதாவது 50 பவுண்டு, தருவதாகச் சொல்லிவிட்டது.

சர்வதேச வாரியம் இது சம்பளம் கொடுப்பதற்குச் சமம் என்றது. வேல்ஸ் யூனியன் முதலில் பயந்து பின்வாங்கியது. ஜனங்கள் விடவில்லை, எங்கள் காசு, எங்கள் கூல்ட், இவர்கள் யார் கேட்க என்று பத்திரிகைகளும் மக்களும் ஒன்று சேர்ந்து கொதித்ததும் யூனியன் மறுபடி திரும்பி வாரியத்திலிருந்தே விலகிவிட்டது. 1897 ஈஸ்டர் திங்களன்று நியூபோர்ட் டிரில் ஹாலில் பெரிய விருந்து வைத்து, யூனியன் தலைவர் சர் ஜான் லெவெலின் கையாலேயே வீட்டுப் பத்திரத்தைக் கூல்டிடம் கொடுத்தார்கள். ஒளித்துச் செய்திருக்கலாம், அந்தக் காலத்தில் ஒளித்துக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடந்ததுதான். இவர்கள் ஊரைக் கூட்டிச் செய்தார்கள், அதனாலேயே எனக்கு வேல்ஸ்காரர்கள் மேல் மரியாதை.

ஐந்தாம்வரிசை எழுதியது:

ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்ன வயதில் மரம் ஏறிக்கொண்டே இருந்ததால் 'மங்கி' என்று பட்டப்பெயர். 18 வயதில் நியூபோர்ட்டுக்காக முதல் ஆட்டம், நிற்க வைத்தது எல்லோருக்கும் பின்னால், ஃபுல்பேக் இடத்தில். அந்த இடத்தில் நிற்பவர் பந்தைப் பிடித்ததும் உதைத்துத் தூரமாக அனுப்ப வேண்டும், அன்றைக்கு அதுதான் முறை. உதை என்று கேப்டன் சொல்லச் சொல்ல, இவர் பந்தோடு ஓடி இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டுவிட்டு வந்தார். தடகளத்திலும் ஆள் கில்லாடி, குறிப்பாகத் தடை தாண்டும் ஓட்டத்தில், அந்த வேகம்தான் மூலதனம். 1885-இல் ஸ்வான்சியில் இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸ் அணிக்குள் வந்தபோதும் ஃபுல்பேக்தான், பின்வரிசையின் நடுவில் ஆடும் சென்டராக நிலைத்தது பிறகு.

1886-இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக கார்டிஃபில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை பின்வரிசையில் பந்தோடு ஓடும் த்ரீக்வார்ட்டர்கள் மூன்று பேர்தான். வேல்ஸ் கேப்டன் ஃபிராங்க் ஹான்காக், கார்டிஃப் கிளப்பில் பழகிய நால்வர் முறையை நாட்டு அணியில் முதல்முறையாக இறக்கினார். முன்வரிசையில் ஒரு ஆள் குறைந்ததால் ஸ்காட்லாந்து நெருக்கித் தள்ள, ஆட்டத்தின் நடுவிலேயே ஃபுல்பேக்கை முன்னால் அனுப்பி, கூல்டைப் பின்னால் தள்ளி, முறையையே கைவிட்டார்கள். வேல்ஸ் தோற்றது. கூல்டுக்கு அந்த நால்வர் முறை மேல் நம்பிக்கை வர வெகுநாள் ஆயிற்று. அதே முறையில் உலகத்திலேயே சிறந்த சென்டர் என்று பேர் வாங்கியதும் அவர்தான்!

1893, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், எதிரே இங்கிலாந்து. மைதானம் உறைந்து கல்லாகக் கிடந்தது. ராத்திரி முழுக்க நெருப்புத் தொட்டிகளை வைத்து நிலக்கரி எரித்துத்தான் தரையை இளக்கினார்கள். இடைவேளையில் 7-0 என்று இங்கிலாந்து கையில் ஆட்டம். அவர்கள் கேப்டன் கிரிக்கெட்டிலும் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய ஆண்ட்ரூ ஸ்டோடார்ட். பிற்பாதியில் கூல்ட் இரண்டு ட்ரை போட்டார். கடைசி நிமிடங்களில் வேல்ஸுக்கு ஒரு பெனால்டி. பந்தைத் தரையில் நிறுத்தி உதை என்கிறார் கூல்ட், முடியாது, கையிலிருந்து விட்டுத்தான் உதைப்பேன் என்கிறார் வேல்ஸின் பில்லி பான்கிராஃப்ட். கேப்டன் சொல் கேட்காமல் அவர் அடித்த அடி உள்ளே போய் 12-11. இங்கிலாந்து நான்கு ட்ரை, வேல்ஸ் மூன்று, ஆனாலும் உதையில் வந்த புள்ளிகளால் வேல்ஸ் ஜெயித்தது. அந்த வருடம் ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் வென்று வேல்ஸ் முதல்முறையாக ட்ரிபிள் கிரவுன் (மற்ற மூன்று நாடுகளையும் ஒரே வருடத்தில் வெல்வது) எடுத்தது. அயர்லாந்து ஆட்டத்தின் ஒரே ட்ரை கூல்டின் தம்பி பெர்ட் போட்டது.

மழைக்காகம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பான்கிராஃப்ட் கதை எனக்குத் தெரியாது, அருமை. ஒரு சந்தேகம்: கூல்ட் பிழைப்புக்கு என்ன செய்தார்? அவர் வசதியானவர் என்றால், கூலி வேலை பார்த்த வீரர்களுக்கு யாராவது இப்படி நிதி திரட்டினார்களா?

ஈரமண் எழுதியது:

பணக்காரர் இல்லை, ஆனால் கஷ்டப்பட்டவரும் இல்லை. அப்பா ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நியூபோர்ட்டுக்கு வந்து பித்தளை வார்ப்புத் தொழில் வைத்தவர். கூல்ட் பொதுப்பணிக் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார், அதற்காக மேற்கிந்தியத் தீவுகள் வரை போய் வந்திருக்கிறார், நடுவில் சில ஆட்டங்களை விட்டதும் அதனால்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1888-இல் முதல் பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து கிளம்பியபோது, ஹாலிஃபாக்ஸ் கிளப்பின் ஜாக் க்ளோஸ் என்பவர் துணிமணி வாங்கிக்கொள்ள அமைப்பாளர்களிடம் 15 பவுண்டு வாங்கினார். அதற்காக அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்தார்கள். மனுஷன் கப்பலேறிப் போயும் பயணம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதே பயணத்தில் கேப்டன் ராபர்ட் செடன் ஆற்றில் மூழ்கி இறந்தபின் அணியை நடத்திய ஸ்டோடார்ட், ஊர் திரும்பி இங்கிலாந்துக்குக் கேப்டன் ஆனார்.

இன்னொருவர் டிக்கி லாக்வுட். வேக்ஃபீல்ட் பக்கம், உழைப்பாளிக் குடும்பம். 19 வயதில் இங்கிலாந்து அணி, மொத்தம் 14 ஆட்டம், 1894-இல் கேப்டன். அந்த வருடம் கூல்டின் வேல்ஸை 24-3 என்று நொறுக்கியது இவர் தலைமையில்தான், அதுவும் வேல்ஸின் அதே நால்வர் முறையை எடுத்து ஆடி. ஆனால் 1889-லேயே கிளப் மாறினார் என்று காசு வாங்கிய குற்றம் சாட்டி மூன்று நாள் விசாரித்தார்கள், ஒன்றும் நிரூபணமாகவில்லை. பிளவுக்குப் பின், பிரிந்துபோன கிளப்புகளின் வடக்குச் சங்கத்துக்குப் போனார். 1897-இல் திவாலானார். கூல்ட் கையில் வீட்டுப் பத்திரம் வந்த அதே வருடம். கூல்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. லாக்வுட்டை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

ஈரமண் சொன்னது முழுக்க சரி, அதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்து யூனியன் கடைசியில் என்ன செய்தது தெரியுமா? 1897 செப்டம்பரில் கூல்ட் விஷயத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று தீர்மானம் போட்டது. வேல்ஸ் கிளப்புகள் வந்து ஆடினால்தான் மேற்கு இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு டிக்கெட் வசூல், அந்த வருமானத்தை இழக்க யாரும் தயாராக இல்லை. வடக்குக்காரன் அரைநாள் கூலி கேட்டபோது அசையாத அதே சபை. இதில் சொன்ன சொல் மாறாதவர்கள் ஸ்காட்லாந்துதான், 1897, 98 இரண்டு வருடமும் வேல்ஸோடு ஆட மறுத்துவிட்டார்கள். அவர்கள் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் ஆளுக்கொரு நியாயம் பேசவில்லை. 1898-இல் வேல்ஸ் வாரியத்துக்குத் திரும்பியது, கூல்ட் இனி வேல்ஸுக்கு ஆடமாட்டார் என்ற நிபந்தனையோடு. அதற்குள் அவரே ஓய்வு பெற்றிருந்தார், கடைசி ஆட்டம் 1897 ஜனவரியில் சொந்த ஊர் நியூபோர்ட்டில், இங்கிலாந்தை 11-0 என்று வென்றது.

பிறகு ஒரு மதுபான ஆலையின் பிரதிநிதியாக வேலை பார்த்தார், அணித் தேர்வுக் குழுவிலும் இருந்தார். 1919 ஜனவரியில் 54 வயதில் இறந்தார். 18 ஆட்டம் கேப்டன் என்ற அவருடைய வேல்ஸ் சாதனையை 1990-களில் யுவன் எவன்ஸ் வந்துதான் தாண்டினார்.