தலைத்தீபாவளி வரிசை: கடன்படாம முடியுமா?

கேள்வி:
வீட்டில அஞ்சு பேர். மலையகத் தேயிலைத் தோட்டத்தில வேலை. தோட்டத்தில 20,000 ரூபா தீபாவளி அட்வான்ஸ் குடுத்தா உடுப்புக்கும் பலகாரத்துக்குமே சரி. தங்கச்சிக்குத் தலைத்தீபாவளி வேற. நகையை அடகு வைக்காம சமாளிக்கலாமா?

பதில் 1:
அட்வான்ஸும் கடன்தாங்க. 10 மாசத்தில சம்பளத்தில பிடிச்சா மாசம் 2,000 குறையும். பெப்ரவரி வெயில்ல கொழுந்து இல்லாம அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தாலும் அந்தப் பிடிப்பு நிக்காது. கடைக்கடன் ஏறுறதே அப்பதான். முழுசா வாங்கணும்னு இல்ல, தேவையானதை மட்டும் எடுங்க.

பதில் 2:
அடுத்த வருஷத்துக்குச் சீட்டுப் போடுங்க. 10 பேர், ஆளுக்கு மாசம் 2,000. ஜனவரியில தொடங்கினா ஒக்டோபர்ல கடைசிச் சீட்டு 20,000. அதையே கேட்டு வாங்குங்க. முன்னாடி எடுத்தா தீபாவளிக்குள்ள கரைஞ்சிடும். முதல்ல எடுத்தவங்க கட்டாம விடுறதுதான் வழக்கமான சிக்கல். அதனால ஒரே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளுங்களா சேருங்க, கொப்பில கையெழுத்து வாங்குங்க.

பதில் 3:
கிழமைக்குக் கிழமை கட்டுற குழுக்கடன் மட்டும் வேணாம். சம்பளம் மாசத்துக்கு ஒருக்கா, தவணை நாலு தடவை. ஒண்ணைக் கட்ட இன்னொண்ணு எடுக்க வரும். துணியை செப்டம்பர்லயே எடுத்துத் தைக்கக் குடுங்க. கடைசிக் கிழமை ஹட்டன் டவுன்ல பேரம் நடக்காது, தையல்காரரும் கையை விரிச்சிடுவார். தங்கச்சிக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, ஒரு தட்டுப் பலகாரம் போதும். மோதிரப் பேச்சு வந்தா பொங்கலுக்குத் தள்ளுங்க!